கன்றைக் காத்தால் முதல் நிற்கும்: பிறந்த நாள் முதல் விற்கும் நாள் வரை கன்று வளர்ப்பு

மீண்டும் உங்கள் காணிக்கு வந்திருக்கிறீர்கள். கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், கூரை போட வேண்டும். இவற்றுக்கிடையில் ஒரு பசுவும் உங்களிடம் இருக்கலாம். அது காட்டில் தேடிப் பிடித்த உங்கள் பழைய மாடாக இருக்கலாம், உதவியாகக் கிடைத்ததாக இருக்கலாம், உறவினர் பங்குக்கு வளர்க்கத் தந்ததாகவும் இருக்கலாம். அந்தப் பசு கன்று ஈன்றதும் வீட்டில் இரண்டு தேவைகள் மோதுகின்றன. பிள்ளைகளுக்கும் விற்பனைக்கும் பால் வேண்டும். கன்றுக்கும் அதே பால்தான் வேண்டும்.

பல வீடுகளில் இந்த மோதலில் தோற்பது கன்றுதான். அது நாம்பன் கன்றாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பாலை முழுவதும் கறந்துவிடுகிறோம். கன்று வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து நிற்கிறது. ஐந்தாறு மாதத்தில் ஒரு வியாபாரி வந்து கேட்ட விலைக்கு அதைக் கொடுத்துவிடுகிறோம். பால் விற்ற காசு அன்றாடம் கரைந்துபோகும். நல்ல கன்றோ பிள்ளையின் படிப்புச் செலவுக்கும், கூரைத் தகரத்துக்கும், அடுத்த போக விதைநெல்லுக்கும் கைகொடுக்கும் முதல். முதல் மூன்று மாதங்களில் கன்றுக்கு விட்ட பாலும், விற்பதற்கு முந்திய இரண்டு மாதங்களில் செய்த ஆயத்தமும்தான் அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. இந்தப் பாடம் அவ்விரண்டையும் பற்றியது.

1. கன்று பிறப்பதற்கு முன்

கன்று வளர்ப்பு பசுவின் வயிற்றிலேயே தொடங்குகிறது. வயிற்றுக் கன்று மிக வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதங்களில். ஆகவே சினைப்பசுவில் இன்னும் பால் கறந்துகொண்டிருந்தால், ஈனுவதற்கு 2 மாதங்களுக்கு முன் கறவையை நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் மேய்ச்சலுக்கு மேலாகத் தவிடும் பிண்ணாக்கும் கலந்து நாளுக்கு 1 கிலோ கொடுத்தால், கன்று பலமாகப் பிறக்கும், பசுவுக்கும் பால் கூடும். ஈனும் நாள் நெருங்கும்போது பசுவைக் காட்டுக்கு விடாமல் வீட்டருகே காய்ந்த, துப்புரவான இடத்தில் கட்டுங்கள். காட்டில் ஈன்ற கன்றை நரியோ நாயோ கொண்டுபோன கதை எல்லாக் கிராமங்களிலும் உண்டு.

2. முதல் நாள்: கடும்புப்பால்

கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிடுங்கள். மூச்சு வராவிட்டால் காய்ந்த வைக்கோலால் நெஞ்சை அழுத்தித் தேயுங்கள். பசு நக்கட்டும். அது கன்றை உலர்த்தும், இரத்த ஓட்டத்தையும் தூண்டும்.

தொப்புள்கொடியை ரிங்சர் அயடினில் நன்றாகத் தோயுங்கள். அடுத்த இரண்டு நாட்களும் அவ்வாறே செய்யுங்கள். சாணி, சாம்பல் எதுவும் பூச வேண்டாம். தொப்புள் வழியாகக் கிருமி ஏறினால் மூட்டுகள் வீங்கும், கன்று எழும்ப மாட்டாது.

அடுத்தது கடும்புப்பால். பிறந்த கன்றின் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி கிட்டத்தட்ட இல்லை. அதைத் தாயிடமிருந்து கடும்புப்பால் வழியாகத்தான் பெறுகிறது. அந்தச் சக்தியை உறிஞ்சும் தன்மை கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணித்தியாலத்தில் நின்றுவிடும். எனவே முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கன்று முலையைப் பிடித்துக் குடிக்க வேண்டும். ஆறு மணித்தியாலத்தைத் தாண்டவே கூடாது. எழும்ப முடியாத கன்றுக்கு நீங்களே கறந்து, துப்புரவான போத்தலில் சூப்பி பொருத்திக் கொடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது குடிக்க வேண்டும். 15 கிலோ நாட்டுக் கன்றுக்கு அது ஒன்றரை லீற்றர். 25 கிலோ கலப்பினக் கன்றுக்கு இரண்டரை லீற்றர்.

நஞ்சுக்கொடி விழுமுன் கன்றுக்குப் பால் விடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. கன்று முலையை உறிஞ்சும்போது பசுவின் கருப்பை சுருங்கும். அதனால் நஞ்சுக்கொடி விழுவதும் இலகுவாகும். விழுந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கன்று வீசும் மாட்டின் நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது.

முதல் நான்கு நாட்கள் பால் முழுவதும் கன்றுக்கே. கன்று குடித்து மிஞ்சி மடி கனத்தால் மட்டும் கறந்துவிடுங்கள்.

3. பாலை எப்படிப் பங்கிடுவது

நாட்டுப் பசு கன்று ஊட்டாமல் பால் இறக்காது. இது உங்களுக்குத் தெரிந்ததே. கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். முன்னோர் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தோற்கன்று செய்து வைத்ததும் அதனால்தான். ஆகவே கன்றுக்கு விடும் பாலை நட்டம் என்று எண்ண வேண்டாம். கன்று இருந்தால்தான் கறவையும் இருக்கும்.

பங்கீட்டுக்கு இலகுவான முறை இது:

• முதல் மாதம்: இரண்டு முலை வீட்டுக்கு, இரண்டு முலை கன்றுக்கு.
• இரண்டாம் மாதம்: மூன்று முலை வீட்டுக்கு, ஒரு முலை கன்றுக்கு. கறந்து முடிந்ததும் கன்றை விட்டு மடியில் மிஞ்சியதையும் குடிக்க விடுங்கள்.
• மூன்றாம் மாதம்: கறந்த பின் மடியில் மிஞ்சியது கன்றுக்கு. இந்த நேரத்தில் கன்று தீவனம் தின்னப் பழகியிருக்க வேண்டும்.
• நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: படிப்படியாகப் பால் மறக்கச் செய்தல்.

கன்றுக்கு விட்ட முலையை மாறி மாறி விடுங்கள். ஒரே முலையைத் தொடர்ந்து விட்டால் மடி ஒருபக்கம் சுருங்கும். பசு நாளுக்கு ஒரு லீற்றர்தான் கறக்கிறது என்றால், முதல் இரண்டு மாதங்களில் வீட்டுக்கு எடுப்பதைச் சிறு பிள்ளைகளின் தேவையளவுக்கு மட்டுப்படுத்துங்கள். அந்தப் பாலையும் கட்டாயம் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

4. கொட்டிலும் வளவும்

கன்றுக்குப் பெரிய கொட்டில் தேவையில்லை. ஒரு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் உள்ள இடம் போதும். கிடுகுக் கூரை வெயிலுக்குத் தகரத்தைவிடக் குளிர்ச்சி. நிலத்தை ஓரளவு உயர்த்திக் கிறவல் போட்டு, மூத்திரம் வழிந்தோடச் சரிவு வையுங்கள். மாரியில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் ஈரநிலமே. வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி, நனைந்ததை நாள்தோறும் அகற்றுங்கள்.

மீள்குடியேறிய வளவுகளுக்கென்று சில ஆபத்துகள் உண்டு. கன்றை அவிழ்த்து விடுவதற்கு முன் வளவைச் சுற்றிப் பாருங்கள்.

• பழைய பற்றரி: கன்றுகள் பற்றரியின் உட்தகட்டை நக்கும். அது ஈயம், கடும் நஞ்சு. கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லை நறநறக்கும், இழுப்பு வந்து சாகும். எரிந்த வாகனங்கள் கிடக்கும் இடங்களுக்கும் கன்றை விடாதீர்கள்.
• கம்பி, ஆணி: இடிந்த வீட்டின் ஆணியும் முட்கம்பித் துண்டும் தீவனத்தோடு வயிற்றுக்குள் போனால் இரைப்பையைக் குத்தி இதயம் வரை செல்லும். புல் வெட்டும்போதும் வைக்கோல் அள்ளும்போதும் பார்த்து எடுங்கள். மண்ணுக்குள் புதைந்த உலோகத்தைக் கிண்டி எடுக்க வேண்டாம்.
• பொலித்தீன்: உப்புச்சுவை உள்ள பையைக் கன்று தின்னும். அது செரிக்காது.
• பாழ்கிணறு: கட்டில்லாத கிணற்றைச் சுற்றி உடனடியாக அலம்பல் வேலியாவது போடுங்கள். பிள்ளைகளுக்கும் அது காவல்.
• வெடிபொருள் போன்ற எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

5. தீவனம்: எப்போது, எவ்வளவு

கன்று இரண்டாம் கிழமையிலேயே புல்லை மணந்து கடிக்கத் தொடங்கும். அந்த நேரத்திலேயே ஒரு பிடி இளம்புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். அசைபோடும் இரைப்பை தின்னத் தின்னத்தான் வளரும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது நன்றாக வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன் பாலை நிறுத்தினால், கன்று வயிறு நிறைய வைக்கோல் தின்றாலும் மெலியும்.

வீட்டில் கலக்கக்கூடிய ஏறக்குறைய 10 கிலோ கன்றுத் தீவனம்:

• நெல்லுத் தவிடு: 5 கிலோ
• தேங்காய்ப் பிண்ணாக்கு அல்லது எள்ளுப் பிண்ணாக்கு: 3 கிலோ
• உடைத்த சோளம் அல்லது குறுணல்: ஒன்றரை கிலோ
• கால்நடைக்கான கனியுப்புக் கலவை: 300 கிராம்
• கறியுப்பு: 100 கிராம்

முதலில் ஒரு பிடி. வாயில் சிறிது தடவி ருசி காட்டுங்கள். மூன்று மாதத்தில் நாளுக்கு கால் கிலோ, ஆறு மாதத்தில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். தவிடு புளித்திருந்தாலும், பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் கொடுக்காதீர்கள். பால் குடிக்கும் கன்றுக்கும் துப்புரவான தண்ணீர் நாள் முழுவதும் இருக்க வேண்டும். பாலே போதும், தண்ணீர் வேண்டாம் என்பது தவறான எண்ணம்.

பசுந்தீவனத்துக்குப் புதிதாகக் காணி தேடத் தேவையில்லை. எப்படியும் வேலி அடைக்கப் போகிறீர்கள். அந்த வேலிக்குக் கிளிசரிடியாக் கதியால் நடுங்கள். பூவரசும் முள்முருக்கும் கூட நல்லவை. மாரி தொடங்கும்போது நட்ட கதியால் அடுத்த ஆண்டிலேயே குழை தரத் தொடங்கும். கிளிசரிடியாவின் மணம் மாட்டுக்கு முதலில் பிடிக்காது. காலையில் வெட்டி வாடவிட்டு மாலையில் புல்லோடு கலந்து கொடுங்கள். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழை வேண்டாம். இப்பில் இப்பில் குழைக்கும் இதே அளவுதான். கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் கினிப்புல்லோ கோ-3 புல்லோ நடலாம்.

காலபோக அறுவடை முடிந்து சூடடித்த பின் வைக்கோலை எரிக்க வேண்டாம். உங்களுடையது போதாவிட்டால் மாடில்லாத அயலவரிடம் கேட்டு வாங்கிப் போர் போட்டு வையுங்கள். மாசியில் சும்மா கிடக்கும் வைக்கோலுக்கு ஆவணியில் விலை உண்டு.

வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. அதை யூரியாவால் பதப்படுத்தலாம். 1 கிலோ யூரியாவை 25 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, 25 கிலோ வைக்கோலில் படைபடையாகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடுங்கள். 10 நாட்களுக்குப் பின் எடுத்து, சில மணிநேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள்.

கவனம்: யூரியா கரைத்த நீரைக் குடித்தால் மாடு சாகும். வாளியை உடனே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அளவைக் கூட்டாதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோலைக் கொடுக்காதீர்கள்.

6. மேய்ச்சல்

மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மேய்க்க வேண்டும். மண்டையோட்டு அடையாளப் பலகை, சிவப்பு நாடா, சிவப்பு நிறம் பூசிய கட்டை ஆகியவற்றைத் தாண்டி ஒரு அடியும் வைக்க வேண்டாம். மாடு போய் வந்த பாதை பாதுகாப்பான பாதை என்று நினைக்காதீர்கள். மாடு மிதிக்காத இடத்தில் உங்கள் கால் படலாம். கன்று உள்ளே போய்விட்டால் பின்னால் ஓடாதீர்கள். வெளியே நின்று தாய்ப்பசுவைக் காட்டிக் கூப்பிடுங்கள். மாடு மேய்ப்பது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. அவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். கன்றுக்கு இன்னொரு கன்று வரும், பிள்ளைக்கு இன்னொரு கால் வராது.

மூன்று மாதம் வரை கன்றை மந்தையோடு தூரத்துக்கு விட வேண்டாம். நீண்ட நடையில் பால் குடித்த பலன் போய்விடும். காலைப்பனி காய்ந்த பின் வளவிலேயே மேயவிடுங்கள். ஈரப்புல்லின் நுனியில்தான் புழுக்களின் இளம்பருவம் அதிகம் இருக்கும்.

7. நோய் வராமல் காத்தல்

பூச்சி மருந்து: பெரிய வட்டப்புழு தாயின் பாலோடுதான் கன்றுக்கு வருகிறது. அதனால் கன்று புல் தின்னாவிட்டாலும் பூச்சி இருக்கும். முதல் மருந்தை 10 முதல் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அடுத்த தடவைகளை மிருக வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு எடையைப் பொறுத்தது, கண்மதிப்பில் கொடுக்க வேண்டாம்.

கழிச்சல்: வெள்ளையாகவோ தண்ணீராகவோ கழிந்தால், கன்று சாவது கிருமியாலும், அதைவிட விரைவாக உடல்நீர் வற்றுவதாலும். கண் குழிவிழும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிந்தபடியே நிற்கும். ஜீவனி பக்கற்றை அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை நாளுக்கு மூன்று நான்கு தடவை கொடுங்கள். வெறும் சீனித்தண்ணீர் கன்றுக்குச் சரிவராது. சீனியைச் செரிக்கும் சக்தி அதன் குடலில் இல்லை. பாலை நிறுத்தாதீர்கள், ஆனால் ஜீவனியையும் பாலையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். இரத்தம் போனாலோ, கன்று எழும்பாவிட்டாலோ உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

உண்ணி: காதின் உள்ளும், வாலடியிலும், தொடை இடுக்கிலும் பார்த்துப் பிடுங்கி எரியுங்கள். அதிகமானால் கால்நடைக்கென்றே உள்ள மருந்தை வாங்குங்கள். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் கன்றின் மேல் ஒருபோதும் பூச வேண்டாம். கன்று தன்னை நக்கும், அதோடு போய்விடும்.

தடுப்பூசி: கால்வாய் நோய், தொண்டை அடைப்பான், கருங்காலி நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. கால்வாய் நோய்க்கு முதல் ஊசி பொதுவாக நான்காம் மாதத்தில். மற்றவை ஏறக்குறைய ஆறாம் மாதத்தில். பசுக்கன்றுகளுக்குக் கன்று வீசும் நோய்க்கான ஊசியும் உண்டு. அதை 4 முதல் 8 மாத வயதுக்குள் போட வேண்டும். தொண்டை அடைப்பான் ஊசியை மாரிமழைக்கு முன் போட்டுவிட வேண்டும். உங்கள் பிரதேசத்தில் ஊசி போடும் நாளை அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அயலிலுள்ள குடும்பங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் மாடுகளைக் கட்டினால் உத்தியோகத்தர்கள் வருவதும் இலகு.

8. நாகு நிற்கட்டும், நாம்பனைத் தீர்மானியுங்கள்

பசுக்கன்றை விற்க வேண்டாம். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைக் கடைசியாக வையுங்கள். இன்றைய நாகுதான் மூன்று நான்கு வருடத்தில் உங்கள் இரண்டாவது பசு. பட்டி பெருகுவது நாகால்தான்.

நாம்பனுக்குப் பல வழிகள் உண்டு. வண்டிக்கும் ஏருக்கும் பழக்கலாம். நல்ல உருவம் இருந்தால் இனவிருத்திக்கு வைக்கலாம். கொழுக்க வைத்து விற்பவர்களுக்கும் விற்கலாம். யாருக்கு, எதற்கு விற்பது என்பது உங்கள் குடும்பத்தின் மனமும் வழக்கமும் சார்ந்தது. எந்த வழியானாலும் வளர்ப்பு ஒன்றே.

இனவிருத்திக்கு வைக்காத நாம்பனை நலமடிப்பதாக இருந்தால் இளவயதிலேயே செய்வது நல்லது. மிருக வைத்தியரோ பயிற்சி பெற்ற கால்நடை உத்தியோகத்தரோ இடுக்கியால் செய்யட்டும். கத்தியால் கீறும் பழைய முறையில் புழு வைக்கும், ஏற்புவலியும் வரலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். நாலு மாதத்தில் 40 கிலோ உள்ள நாம்பனை இன்று வியாபாரி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை இன்னும் 8 மாதம், அதாவது 240 நாட்கள் வைத்திருக்கிறீர்கள். நாளுக்கு 250 கிராம் கூடினால் 60 கிலோ ஏறும். கன்று 100 கிலோவாகிவிடும். அந்த 60 கிலோவுக்குச் செலவானது பெரும்பாலும் வேலிக் குழை, வயல் வைக்கோல், கொஞ்சம் தவிடு பிண்ணாக்கு. இவை உங்கள் ஊர் விலையில் எவ்வளவு, 60 கிலோ எடைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு தீர்மானியுங்கள்.

9. விற்பதற்கு முன் 60 நாட்கள்

கட்டிவைத்துத் தீவனம் கொடுத்து எடை ஏற்றுகிறவர் கன்றில் பார்ப்பது ஒன்றுதான்: போன இடத்தில் மறுநாளே தொட்டியில் தின்னுமா, அல்லது கத்திக்கொண்டு நின்று நோயில் விழுமா? தாயிடமிருந்து பிரித்த அன்றே லொறியில் ஏற்றிய கன்று தின்னாது. தாயைப் பிரிந்த ஏக்கம், பயணக்களைப்பு, புதுத்தீவனம், புதுக்கிருமி நான்கும் ஒரே நாளில் வந்தால் காய்ச்சலும் சளியும் பிடிக்கும். அதனால்தான் வாங்குகிறவர் விலையைக் குறைக்கிறார். அந்த நான்கையும் நீங்கள் வீட்டிலேயே ஒவ்வொன்றாகக் கடக்க வைத்தால் கன்றின் மதிப்பு உயரும்.

• 60ஆம் நாள்: பால் மறக்கச் செய்யுங்கள். கன்றைத் தாயின் கண்ணுக்குத் தெரியும்படி வேலிக்கு மறுபுறம் கட்டுங்கள். தாயும் கன்றும் ஒன்றையொன்று பார்க்கும், ஆனால் குடிக்க முடியாது. மூன்று நான்கு நாள் கத்தும், பின் அடங்கும். அதன் பின் தூரப் பிரியுங்கள். பசு இன்னும் கறவையில் இருந்தால் அது பாலை அடக்கக்கூடும், ஆகவே வற்றுகிற காலத்தோடு இதைப் பொருத்துங்கள்.
• 50ஆம் நாள்: பூச்சி மருந்து, உண்ணி மருந்து.
• 45ஆம் நாள்: தவறிய தடுப்பூசி இருந்தால் போடுங்கள். ஊசி போட்டவுடன் பலன் வராது. உடல் எதிர்ப்பை உண்டாக்க இரண்டு மூன்று கிழமை வேண்டும். விற்கும் நாளில் போட்ட ஊசி பயணத்தில் காக்காது.
• 45ஆம் நாள் முதல்: தொட்டியில் தின்னவும் வாளியில் குடிக்கவும் பழக்குங்கள். தீவனத்தைக் கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். விற்கப்போகிறோம் என்று திடீரெனச் சோறும் அரிசியும் குறுணலும் அள்ளிக் கொடுத்தால் வயிறு புளித்து, ஒரே இரவில் கன்று சாகலாம்.
• 30ஆம் நாள் முதல்: கயிற்றில் நடக்கப் பழக்குங்கள். அடிக்காமல், நெற்றியைச் சொறிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கிய கன்று ஏற்றும்போது முறிந்து விழாது.
• விற்கும் நாள்: வெயில் ஏறுமுன் ஏற்றுங்கள். தண்ணீர் காட்டுங்கள், வயிறு முட்டத் தீவனம் வேண்டாம். வாங்குகிறவரிடம் என்ன தீவனம் தின்று பழகியது, என்ன ஊசி எப்போது போட்டது என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு கிழமைக்கான தீவனத்தையும் கொடுத்து விடுங்கள்.

நீங்கள் கன்று வாங்குகிறவராக இருந்தாலும் இதே பாடம்தான். வந்த கன்றுக்கு முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல், மறுநாள்தான் சிறிது தீவனம். உங்கள் மாடுகளோடு சேர்க்காமல் இரண்டு கிழமை தனியே கட்டி வையுங்கள்.

10. எடையும் விலையும் பத்திரமும்

வியாபாரி கண்ணால் எடை பார்ப்பார். அவருக்கு அது தொழில். உங்களுக்கு ஒரு தையல் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பின்பக்க எலும்புமுனை வரை நீளத்தை அளவுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,800ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும்.

எடுத்துக்காட்டு: நெஞ்சு 110, நீளம் 95. 110 × 110 × 95 = 11,49,500. அதை 10,800ஆல் வகுத்தால் சுமார் 106 கிலோ.

இது தராசு அல்ல, சில கிலோ கூடக் குறைய வரும். ஆனாலும் 106 கிலோ நாம்பனை 80 கிலோ என்று சொல்லி ஒருவர் வாங்கிப்போக முடியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இந்தக் கணக்கைச் செய்து தரும். மாதம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதினால், கன்று வளர்கிறதா நிற்கிறதா என்பதும் தெரியும். ஒருவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். அயலில் இரண்டு மூன்று நாம்பன் இருந்தால் சேர்த்து விற்கும்போது வாங்குகிறவர் நல்ல விலைக்கு வருவார்.

கன்றுக்கு உங்கள் குறியும் காது இலக்கமும் இருக்க வேண்டும். இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்களின் மாடுகள் பட்டி கலைந்து போயின. உங்கள் மாட்டை இன்னொருவர் பட்டியில் கண்டபோது உங்கள் மனம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று குறி தெரியாத கன்றை வாங்க வேண்டாம். கட்டாக்காலியாக வந்ததைக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். விற்கும்போதும் வேறிடம் கொண்டுபோகும்போதும் உரிமைச் சான்று, மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ், கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் ஆகியவை தேவைப்படும். விற்கும் நாளுக்கு முன்பே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு ஆயத்தப்படுத்துங்கள்.

நினைவில் வைக்க

1. முதல் மணித்தியாலத்தில் கடும்புப்பால்.
2. தொப்புளுக்கு அயடின், 10 முதல் 14 நாளில் பூச்சி மருந்து.
3. மூன்று மாதம் வரை கன்றின் பங்குப் பாலில் கைவைக்காதீர்கள்.
4. வேலிக்குக் கதியால், மாரிக்கு முன் தடுப்பூசி, அறுவடைக்குப் பின் வைக்கோல் போர்.
5. அடையாளப் பலகைக்கு அப்பால் கன்றுக்காகவும் போகாதீர்கள்.
6. நாகை வைத்திருங்கள். நாம்பனை ஆயத்தப்படுத்தி, அளந்து விற்றுக்கொள்ளுங்கள்.

குடும்பமாகக் கலந்துரையாட

• உங்கள் பசுவின் பாலில் இன்று கன்றுக்கு எவ்வளவு போகிறது?
• பாலை மட்டுப்படுத்த முடியாத வீடு உங்கள் அயலில் உண்டா? அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில கிழமை பால் பகிர முடியுமா?
• அடுத்த நாம்பனை விற்கும் காசு எதற்கு? அந்தத் தேவை எந்த மாதம் வரும்? அதற்கு 60 நாட்களுக்கு முந்திய நாளை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.